எத்தனால் கலந்த பெட்ரோல்: ஓடுகிற வண்டிக்கு ஒரு கணக்கு, நிற்கிற வண்டிக்கு வேறு கணக்கு

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டே பதில்தான் வருகிறது. ஒன்று "இன்ஜினே போயிடும்", இன்னொன்று "ஒண்ணுமே ஆகாது, எல்லாம் புரளி". இரண்டு தரப்பும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்கிறார்கள், இரண்டு தரப்பிலும் பெரும்பாலானவர்கள் ஒரு ஃபில்டரைக்கூடக் கழற்றிப் பார்த்ததில்லை. நான் சாதாரண பெட்ரோல் கார்களில், அதாவது எத்தனாலுக்கென்றே செய்யப்படாத கார்களில், இ10, இ20 (இ-க்குப் பக்கத்து எண், எரிபொருளில் எத்தனால் எத்தனை சதவீதம் என்பது) இரண்டையும் போதுமான அளவு ஓட்டியிருக்கிறேன். ஒரு காரில் கன்வர்ஷன் கிட் (சாதாரண வண்டியை எத்தனாலுக்கு ஒத்துப்போக வைக்கும் பெட்டி) மாட்டி இ85 ஊற்றியும் பார்த்தாயிற்று. வீட்டில் ஒரு பழைய கார்புரேட்டர் காரும் கிடக்கிறது. இது அந்த அனுபவத்தில் எழுதும் விமர்சனம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம்: இன்ஜெக்‌ஷன் வண்டி (எரிபொருளைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிப்பது), தினமும் ஓடுகிறது, அந்த அளவு எத்தனாலுக்குக் கம்பெனியும் ஒப்புதல் கொடுத்திருக்கிறது என்றால் பயப்பட ஒன்றும் இல்லை, மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் கவர் போட்டு நிறுத்தி வைக்கிற வண்டி என்றால் இ10 கூட வில்லங்கம்தான்.

முதலில் மைலேஜ், ஏனென்றால் எல்லாருடைய சண்டையும் அங்கேதான். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, ஒரு லிட்டர் எத்தனாலில் 21 தான், அதாவது மூன்றில் ஒரு பங்கு கம்மி. இதை எந்த இன்ஜின் ஆயிலும், பங்க்கில் விற்கும் எந்தக் குட்டி பாட்டில் மருந்தும் சரிக்கட்ட முடியாது. கணக்குப் போட்டால் இ10-ல் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, இ20-ல் 6 முதல் 7, இ85-ல் 25 முதல் 30 சதவீதம் வரை மைலேஜ் இறங்கும். இந்தியாவில் நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், வெறும் பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்த கார்களில் இ20 ஊற்றினால் 6-7 சதவீதம் குறையும் என்றுதான் சொன்னது. என் வண்டியிலும் ஏறக்குறைய அப்படித்தான் வந்தது. ஆகவே "இ20 ஊற்றினதும் மைலேஜ் பாதியாயிடுச்சு" என்பவர்கள் முதலில் டயர் காற்று, ஏர் ஃபில்டர், ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக் இதையெல்லாம் பார்க்கட்டும், அப்புறம் எத்தனாலைத் திட்டலாம். அளப்பதென்றால் டேங்க் முழுக்க நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுக்க நிரப்பி, ஊற்றின லிட்டரால் ஓடின கிலோமீட்டரை வகுத்துப் பாருங்கள். அதையும் ஒரு தடவை செய்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள், சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதிலேயே 7 சதவீதம் காணாமல் போகும்.

எனக்கு இதில் உண்மையான கோபம் ஒன்றே ஒன்றுதான், அது விலை. ஆற்றல் குறைந்த சரக்கு, அதே லிட்டர், அதே விலை என்றால் வாங்குகிறவன் தலையில் மிளகாய் அரைப்பது போலத்தான். பிரேசிலில் எத்தனாலையும் பெட்ரோலையும் பக்கத்துப் பக்கத்தில் விற்கிறார்கள், எதை ஊற்றுவது என்பது ஓட்டுபவர் இஷ்டம், அங்கே எல்லாரும் மனதில் வைத்திருக்கும் கணக்கு 70 சதவீதம்: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். நம் கலவைக்கும் அதே கணக்கு பொருந்தும். இ20 என்றால் 6-7 சதவீதமாவது மலிவாகக் கிடைத்தால்தான் கைக்குக் கை சரி. இ85 என்றால் கால் பங்குக்கு மேல் மலிவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிட் வாங்கின காசுகூடத் திரும்ப வராது.

சரி, வண்டி இதை எப்படி எடுத்துக்கொள்கிறது? இங்கேதான் நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும், காரணம் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் தெளிக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சைலன்சர் பக்கம் ஓர் ஆக்சிஜன் சென்சர் இருக்கும், புகையில் ஆக்சிஜன் மிச்சமிருப்பதைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் ஊற்று" என்று இசியூவுக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு, சொல்லிக்கொண்டே இருக்கும், இசியூவும் இன்ஜெக்டரை ஒரு நூல் கூடுதல் நேரம் திறந்து வைக்கும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் கருவி) ஒன்றை ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகி, மொபைலில் லாங் டெர்ம் ஃபியூல் டிரிம் என்ற எண்ணை (இசியூ எத்தனை சதவீதம் கூடுதலாகத் தெளிக்கிறது என்பது) திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இ10-ல் என் வண்டியில் அது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். இ20 ஊற்றினால் உடனே மாறாது, கொஞ்ச தூரம் ஓட்டின பிறகு மெல்ல 4, 5 என்று ஏறி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வண்டிக்கு அது சர்வ சாதாரணம். இ85-ஐக் கிட் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் அதே எண் 10, 15, 20 என்று படியேறுவது தெரியும். பெரும்பாலான வண்டிகளில் 25 பக்கம்தான் கூரை, அதற்கு மேல் இசியூ கையை விரித்துவிடும், செக் இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பி0171 என்ற பிழைக் குறியீடு வரும். கலவை மெலிந்துவிட்டது, அதாவது காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்று அர்த்தம். முழு இ85-க்கு 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகத் தெளிக்க வேண்டும், அதனால்தான் கிட் இல்லாமல் இ85 ஊற்றுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். விளக்கு எரியவில்லையே என்று தைரியம் கொள்ளவும் வேண்டாம், ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது பல வண்டிகள் அந்த சென்சரின் பேச்சைக் கேட்பதே இல்லை, கற்று வைத்திருக்கும் எண்ணை நம்பித்தான் ஓடும். இன்னொரு சின்ன விஷயம்: சர்வீஸில் பேட்டரியைக் கழற்றினால் கற்றதெல்லாம் அழிந்துவிடும். இ20 ஓட்டுகிற பழைய வண்டி சர்வீஸிலிருந்து வந்ததும் ஐடிலில் லேசாகத் தடுமாறினால் மெக்கானிக்கோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், கொஞ்சம் ஓட்டுங்கள், தானே சரியாகும்.

ஓட்டும்போது என்ன வித்தியாசம் தெரிகிறது என்று கேட்டால், இ10-ல் ஒன்றும் இல்லை, தெரிகிறது என்பவர்களை நான் நம்புவதில்லை. இ20-ல் கியர் குறைக்காமல் மேட்டில் ஏற்றும்போது வரும் அந்த 'டிக்டிக்' நாக்கிங் சத்தம் குறைந்திருந்தது. எத்தனாலின் ஆக்டேன் எண் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) 108 பக்கம், போதாததற்கு ஆவியாகும்போது உள்ளே போகிற காற்றைக் குளிர வைக்கும், அதனால் இது நியாயம்தான். ஆனால் சாதாரண இன்ஜினால் அந்த ஆக்டேனை முழுதாகப் பலனாக மாற்ற முடியாது. கம்ப்ரஷன் விகிதம் வார்ப்பிலேயே முடிவான விஷயம். டர்போ வண்டியும் நல்ல நாக் சென்சரும் இருந்தால் ஸ்பார்க் டைமிங்கை முன்னே தள்ளி நிஜமாகவே பலன் எடுக்கும். டியூனிங் பைத்தியங்கள் இ85-ஐத் தேடி அலைவது சும்மா இல்லை.

கிட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதில் நிறையக் கதை விடுகிறார்கள். உள்ளே இருப்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இசியூ கொடுக்கும் சிக்னலை நீட்டி அனுப்பும் ஒரு பெட்டி. மலிவான கிட்டில் இவ்வளவுதான், எவ்வளவு நீட்டுவது என்று ஒரு திருகோ பட்டனோ வைத்திருப்பான், டேங்கில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இ85 தீர்ந்து சாதாரண பெட்ரோல் ஊற்றினால் நீங்களே ஞாபகமாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் வாசனையும் கருப்புப் புகையும்தான். நல்ல கிட்டில் எரிபொருள் குழாயிலேயே எத்தனால் சென்சர் இருக்கும், கூடவே குளிர் ஸ்டார்ட்டுக்கு ஒரு வெப்பநிலை சென்சரும். சென்சர் இல்லாத கிட்டை வாங்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு (எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் தெளிப்பது) சாதாரண கிட் பொருந்தவே பொருந்தாது, அங்கே அழுத்தமும் மின்னோட்டமும் வேறு கதை. பிரான்ஸில் 2017-ல் இந்தக் கிட்களுக்கென்றே அரசு விதி கொண்டுவந்து, ஒப்புதல் பெற்ற பெட்டியை அங்கீகாரம் உள்ள ஆள் மாட்டினால் மட்டும் செல்லும் என்று வைத்தார்கள். அந்த மாதிரிக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் பொறுப்பு.

எனக்கு மாட்டிக்கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம்) இன்ஜெக்டர் போதுமா, பம்ப் போதுமா என்று ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால் "எல்லாம் தாங்கும் சார்". தாங்கியதும் உண்மை, நகருக்குள் ஓட்டும் வரைக்கும். நெடுஞ்சாலையில் ஆர்பிஎம் ஏறின பிறகு மிதித்தால் பிக்கப் ஒரு மாதிரி சப்பென்று ஆகும், ஸ்கேனரைப் பார்த்தால் இன்ஜெக்டர் ஏற்கெனவே கிட்டத்தட்ட முழு நேரமும் திறந்தே இருக்கிறது, இதற்கு மேல் நீட்ட இடமில்லை. பெரிய இன்ஜெக்டர் போட்டால்தான் தீரும், அது தனிச் செலவு. அப்புறம் வாரண்ட்டி உள்ள வண்டியில் இதை மாட்டினால் கம்பெனிக்காரன் இன்ஜின் பக்கமே திரும்பமாட்டான், அதையும் ஒர்க்‌ஷாப்பில் சொல்லமாட்டார்கள்.

இ85-ன் இன்னொரு பிடிவாதம் குளிர். பெட்ரோல் பூஜ்ஜியத்துக்கு 40 டிகிரி கீழே இருக்கும்போதுகூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். சுத்த எத்தனாலுக்கு அதற்குச் சுமார் 13 டிகிரி வேண்டும். குளிர்காலக் காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். இதனால்தான் குளிர் நாடுகளில் பருவத்துக்கு ஏற்றபடி பெட்ரோலின் அளவைக் கூட்டிவிடுகிறார்கள், அமெரிக்காவில் இ85 என்ற பெயரில் விற்பதில் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பிரேசிலின் பழைய எத்தனால் கார்களில் ஸ்டார்ட் பண்ண மட்டும் பெட்ரோல் வைத்துக்கொள்ள பானெட்டுக்குள் ஒரு குட்டி டேங்க் இருந்தது. நம் கிட் வண்டியில் அதெல்லாம் கிடையாது, நான் குளிர் வந்தால் பாதிக்குப் பாதி பெட்ரோல் கலந்துவிடுகிறேன்.

இனி கார்புரேட்டர் வண்டி. இங்கே ஆக்சிஜன் சென்சரும் கிடையாது, இசியூவும் கிடையாது, ஜெட்டின் ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான் எரிபொருள். அதனால் எத்தனால் கூடக் கூடக் கலவை மெலியும், சூடு ஏறும், தடுமாறும். இ10-க்கு ஐடில் ஸ்குரூவை ஒரு கால் சுற்று திருப்பினாலே ஓரளவு சமாளிக்கலாம். இ20-க்கு ஜெட் மாற்றாமல் நிம்மதியாக ஓட்ட முடியவில்லை. போதாக்குறைக்கு இன்னொன்று: 10 சதவீதம் அளவுக்கு எத்தனால் சேரும்போது எரிபொருள் தனிப் பெட்ரோலைவிடச் சுலபமாக ஆவியாகிறது. இன்ஜின் மேலேயே பம்ப் உட்கார்ந்திருக்கும் பழைய வண்டியை வெயிலில் ஓட்டி, அணைத்து, கொஞ்ச நேரத்தில் திரும்ப ஸ்டார்ட் செய்தால் குழாயில் ஆவி அடைத்துக்கொண்டு வேலை காட்டும்.

மெலிவதைவிடப் பெரிய தலைவலி ரப்பர். பழைய ஹோஸ், டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் எல்லாம் எத்தனாலில் ஊறி உப்பும், அப்புறம் காய்ந்தால் வெடிக்கும். என் பழைய வண்டியின் ஹோஸை மடக்கிப் பார்த்தபோது வெளியே நன்றாகத்தான் இருந்தது, வெட்டினால் உள்சுவர் கொழகொழவென்று விரலில் கருப்பாக ஒட்டுகிறது. ஃப்ளோட் பவுலை (கார்புரேட்டரில் எரிபொருள் தேங்கும் கிண்ணம்) திறந்தால் அடியில் வெள்ளையாகப் பொடி, அது அலுமினியமும் துத்தநாகமும் அரித்த மிச்சம். பித்தளை ஜெட்டின் வாயிலும் அந்தப் பொடியே. ஹோஸ் மாற்றுவதென்றால் எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் உட்சுவர் உள்ளது வாங்குங்கள், மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கும். கடைக்காரர் "இதுவும் பெட்ரோல் ஹோஸ்தான்" என்று வேறு எதையாவது நீட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள். பெட்ரோல் கசிந்து சூடான சைலன்சர் மேல் சொட்டினால் பேச்சு மைலேஜைப் பற்றியதாக இருக்காது.

ஆனால் இந்தப் பொடியும் அரிப்பும் எப்போது வந்தது என்று யோசித்தால், ஓடிக்கொண்டிருந்தபோது வரவில்லை. நின்றபோது வந்தது. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் அப்படி ஓர் ஆசை, காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். வாரா வாரம் டேங்க் காலியாகி நிரம்பும் வண்டியில் அது சேர்வதற்குள் எரிந்துபோகும். மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நின்றால் சேர்ந்துகொண்டே போகும். இ10 சுமார் 15 டிகிரியில் அரை சதவீதம் அளவு தண்ணீரைத் தாங்கும், 40 லிட்டர் டேங்கில் அது 200 மில்லி. அதைத் தாண்டினாலோ, சட்டென்று குளிர்ந்தாலோ எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஃபியூல் பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். வண்டி ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் குதித்துக் குதித்துத்தான் ஓடும். மேலே மிதக்கும் பெட்ரோலுக்கும் எத்தனால் போனதால் ஆக்டேன் குறைந்திருக்கும். ஒரு வேடிக்கை என்னவென்றால் இந்த விஷயத்தில் இ85-ஐவிட இ10 தான் மோசம், எத்தனால் அதிகம் இருந்தால் அதிகத் தண்ணீரைப் பிரியாமல் தாங்கும். பிரிந்தபின் எந்த ஸ்டெபிலைசர் பாட்டிலும் அதைச் சேர்த்துவைக்காது, டேங்கை இறக்கிக் கழுவ வேண்டியதுதான்.

டேங்கில் நிஜமாகவே எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். 100 மில்லி கோடு போட்ட கண்ணாடி அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர் விடுங்கள், மேலே 90 மில்லி எரிபொருள். மூடிக் குலுக்கி, வாயை மெல்லத் திறந்து அழுத்தத்தை விட்டு, நிமிர்த்தி வையுங்கள். எத்தனால் முழுக்கப் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்விடும், கீழ் அடுக்கின் கோடு 10-லிருந்து மேலே ஏறும். இ10 என்றால் 19 பக்கம், இ20 என்றால் 28 பக்கம் நிற்கும். துல்லியம் கிடையாது, ஆனால் ஏமாற்றுகிறார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் போதும். வெட்டவெளியில், அடுப்பு சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

பழைய வண்டியில் முதன்முறை எத்தனால் கலவை ஊற்றுகிறீர்கள் என்றால் கையோடு ஒரு ஃபியூல் ஃபில்டரும் வாங்கி வையுங்கள். எத்தனால் நல்ல கரைப்பான், டேங்கில் வருஷக்கணக்கில் ஒட்டிக்கிடந்த பிசினையெல்லாம் சுரண்டிக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும். "எத்தனால் ஊற்றினேன், வண்டி இழுக்கவில்லை" என்ற புகார்களில் நிறைய இந்தக் கேஸ்தான். ஒரு தடவை மாற்றினால் முடிந்தது.

உங்கள் வண்டிக்கு எது வரை போகலாம் என்பதை டேங்க் மூடியின் உட்புறமும் மேனுவலும் சொல்லும், பங்க்கில் நிற்பவரிடம் கேட்காதீர்கள். ஐரோப்பாவில் 2018-லிருந்து புது வண்டிகளின் மூடியிலும் பம்ப்பிலும் ஒரே மாதிரி வட்டத்துக்குள் இ5, இ10, இ85 என்று போட்டுவிடுகிறார்கள், உருப்படியான ஏற்பாடு. பிரிட்டன் 2021 செப்டம்பரில் இ10-க்கு மாறியபோது பழைய வண்டிகளுக்காக சூப்பர் பெட்ரோலை இ5 ஆகவே விட்டுவைத்தது. அமெரிக்காவில் இ15-க்கு 2001 மாடலும் அதற்குப் பிந்தைய கார்களும்தான் தகுதி, மோட்டார் சைக்கிளுக்கும் படகுக்கும் அனுமதி இல்லை. பிரேசிலில் சாதாரண பெட்ரோலிலேயே இப்போது 30 சதவீதம் எத்தனால், ஆனால் அதைக் காட்டி "அங்கே ஓடலையா" என்று வாதாடாதீர்கள், அங்கே விற்கும் வண்டிகளின் ஹோஸிலிருந்து இசியூ வரை அதற்கென்றே செய்தவை. 2003-லிருந்து, பெட்ரோல் எத்தனால் எதை ஊற்றினாலும் ஓடும் ஃபிளெக்ஸ் கார்கள் வேறு ஓடுகின்றன.

சுற்றுச்சூழல் பக்கம் நான் அதிகம் போகப்போவதில்லை. கார்பன் மோனாக்ஸைடு குறைகிறது, அசிட்டால்டிஹைடு கூடுகிறது, இ85 வண்டியின் பின்னால் நின்றால் லேசாகப் புளிப்பு வாடையே வரும். எத்தனால் எடுக்கிற கரும்பும் சோளமும் வயிற்றுக்கா வண்டிக்கா என்ற கேள்விக்கு ஒரு எரிபொருள் விமர்சனத்தில் பதில் கிடைக்காது.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், தினசரி வண்டிக்கு இ20, யோசிப்பதே இல்லை. கிட் வண்டிக்கு விலைக் கணக்கு ஒத்துவந்தால் இ85, ஒத்துவராவிட்டால் இ10. கார்புரேட்டர் வண்டிக்கு ஹோஸ், கேஸ்கெட், ஜெட் எல்லாம் மாற்றியாயிற்று, இருந்தும் எத்தனால் எதில் குறைவோ அதைத் தேடித்தான் ஊற்றுகிறேன், நிறுத்தும்போது டேங்கை விளிம்புவரை நிரப்பிவிடுகிறேன், ஈரக்காற்றுக்கு உள்ளே இடமே இருக்கக்கூடாது. புல் வெட்டும் மெஷின், ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் காரைவிட அதைத்தான் கவனிக்க வேண்டும், வருஷத்தில் பெரும்பகுதி சும்மா நிற்பது அதுதான். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். கேனில் போன பருவத்து எரிபொருள் மிச்சமிருந்தால் அதைச் சிறிய இன்ஜினில் ஊற்றாதீர்கள், பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காரின் முக்கால் டேங்கில் கொஞ்சமாகக் கலந்து தீர்த்துவிடுங்கள்.